வீட்டுத் தண்ணீருக்குக் கிணறும் ஆழ்துளைப் போரும்: இடம் பார்ப்பதிலிருந்து மூடி போடுவது வரை

இரவு பதினொரு மணி. போர் போடும் வண்டியின் ஒன்பதாவது ராடு (துளையிடும் குழாய்) இறங்கிக்கொண்டிருந்தபோது தூள் நின்றது. அதுவரை வெள்ளை மாவாகப் பறந்து பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தையே மூடிவிட்ட பாறைத்தூள் முதலில் ஈரமானது, பிறகு தோசை மாவுப் பதத்தில் வழிந்தது, அதன்பின் கலங்கல் தண்ணீராக வாய்க்காலில் ஓடியது. 180 அடி. "ஒரு இஞ்ச் இருக்கும் அண்ணா. வீடு கட்டப் போகிறீர்கள், இது எப்படிப் போதும்? இன்னும் நூறு அடி போட்டுவிடலாம்" என்றார் ஏஜென்ட். மாமனார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். விடிந்தபோது 740 அடியில் நின்றுகொண்டிருந்தோம். 180 அடிக்குக் கீழே ஒரு சொட்டுக் கூடுதல் தண்ணீர் கிடைக்கவில்லை.

அந்த ஒரு இஞ்ச் தண்ணீரே நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏராளம் என்பதை ஒரு வாரம் கழித்துக் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். கோவைக்குக் கிழக்கே சூலூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் எனக்கு நேர்ந்தது இது. இந்த வழிகாட்டியில் பாதி, அன்று இரவு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. மீதி, அதன்பின் உறவினர்கள் வீடுகளில் போர் போடும்போது நாடாவும் நோட்டுமாக உடன் நின்று கற்றுக்கொண்டவை.

முதலில் லிட்டர் கணக்கு

நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். நாலு பேருக்கு 540 லிட்டர். நாலு தென்னை, ஒரு மாடு, கார் கழுவுவது எல்லாம் சேர்த்தாலும் 1,000 லிட்டருக்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டுக்கு இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். துளை போடும் ரிக் வண்டியின் இரைச்சலில் மனக்கணக்கு ஓடாது.

அடுத்து, இந்த "இஞ்ச்" என்றால் என்ன? தண்ணீர் ஓடும் வாய்க்காலை மண்ணால் மறித்து, நடுவில் 'வி' வடிவில் செங்கோணமாக வெட்டிய தகடு ஒன்றை நிறுத்துவார்கள். அந்த வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் எத்தனை அங்குல உயரத்துக்கு நிற்கிறதோ அதுதான் இஞ்ச். ஒரு இஞ்ச் என்பது மணிக்கு ஏறக்குறைய 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றதும் 1,000 லிட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஏறக்குறைய 2,900 லிட்டர். மூன்று இஞ்ச் 8,000 லிட்டரைத் தொடும். உயரம் கூடும்போது வெட்டின் அகலமும் கூடுவதால் இப்படித் தாவுகிறது. ஒன்றரை இஞ்ச் கிடைத்த வீட்டுக்காரர் இரண்டு இஞ்ச் வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது, தன் தண்ணீர் இரண்டு மடங்காக வேண்டும் என்று கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

தகடு இல்லாமல் "பார்த்தாலே தெரியும், ஒன்றரை இஞ்ச்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 15 லிட்டர் வாளியும் கைப்பேசியில் நேரமும் போதும். வாளி ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடத்தில் நிறைந்தால் ஒரு இஞ்ச்.

காலடியில் பாறையா, மணலா?

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. கோவை, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, மதுரையின் பெரும்பகுதி எல்லாம் இதில் வரும். இங்கே பூமிக்கடியில் ஆறு ஓடவில்லை. மேலே செம்மண், அதன்கீழ் சிதைந்து உதிரும் பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது சிதைந்த பாறையிலும், கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் மட்டும்தான். கீழே போகப்போக மேலிருக்கும் எடையால் வெடிப்புகள் இறுகுகின்றன. ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆழத்துக்குத் தக்கபடி தண்ணீர் கூடும் என்ற விதி பாறை நிலத்தில் இல்லை. பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்று பொங்கும், மற்றொன்று புகையும். வெடிப்பை ஊசி குத்தியதா, தவறியதா என்பதுதான் வேறுபாடு.

காவிரிப் படுகையிலும் கடலோரத்திலும் கதை வேறு. அங்கே மணலும் களியும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மணல் அடுக்கு முழுவதும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். கவலை தண்ணீர் கிடைக்குமா என்பது அல்ல, நல்ல தண்ணீரா என்பதே. கடலோர மணலில் மழைநீர், உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படியுங்கள்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்நாட்டுக்குள் பல கிலோமீட்டர் புகுந்தது இப்படித்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் இதே ஏற்பாடுதான். வற்றாத ஆறு இல்லாத அந்தத் தீபகற்பம் காலங்காலமாகக் கிணற்றை நம்பியே வாழ்கிறது. சென்னையின் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் வீடு இருந்தால் ஆழமாகப் போகாதீர்கள். வளையம் வளையமாக உறை இறக்கிய 20, 30 அடி உறைக் கிணறும் சிறிய மோட்டாரும் தரும் நல்ல தண்ணீரை 150 அடிப் போர் தராது.

கிணறா, போரா?

கோடையிலும் 40 அடிக்குள் தண்ணீர் நிற்கும் ஊராகவும், பத்தடி விட்டத்துக்கு இடம் இருப்பவராகவும் இருந்தால் கிணற்றைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். கிணறு என்பது தண்ணீர் எடுக்கும் இடம் மட்டுமல்ல, தொட்டியும்கூட. பத்தடி விட்டக் கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் அது 20,000 லிட்டருக்கு மேல். ஊற்று மெல்லக் கசிந்தாலும் இரவெல்லாம் சேர்த்து வைத்துக் காலையில் கொடுக்கும். ஆறரை இஞ்ச் விட்டமுள்ள போரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்பது வெறும் ஆறரை லிட்டர். மின்சாரம் இல்லாத நாளில் கிணற்றில் வாளி விடலாம். போரில் எதை விடுவீர்கள்?

மணற்பாங்கான இடத்தில் உறைக் கிணறு எளிது. மூன்றடி, நாலடி விட்டமுள்ள கான்கிரீட் உறையைத் தரையில் வைத்து உள்ளே தோண்டத் தோண்ட, அது தன் எடையிலேயே இறங்கும். மேலே அடுத்த உறையை ஏற்றுவார்கள். கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைகளும் இதே வேலையைச் செய்தவைதான். கிணறு வெட்டுவதோ தூர் வாருவதோ, சித்திரை வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது எட்டிய ஊற்றே ஆண்டு முழுவதும் நிற்கும். ஐப்பசியில் வெட்டி, "பதினைந்தடியிலேயே தண்ணீர்" என்று பூரித்தவர்கள் பங்குனியில் மறுபடி ஆள் தேடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் யாரையும் இறக்காதீர்கள். அடியில் கரியமிலவாயு தேங்கி, மூச்சுக்காற்று இல்லாமல் இருக்கலாம். உள்ளே டீசல் எஞ்சின் ஓட்டினாலும் இதே ஆபத்து. ஒருவர் மயங்கி விழ, தூக்க இறங்கியவரும் விழ, அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவதாகத்தான் இந்தச் சாவுகள் நடக்கின்றன. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் நல்லதுதான். விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. ஆனால் அணையவில்லை என்பதால் மட்டும் எல்லா நச்சுவாயுவும் இல்லை என்று ஆகிவிடாது. விசிறி வைத்து நெடுநேரம் காற்றை உள்ளே தள்ளிய பிறகு, இடுப்பில் கயிற்றோடு, மேலே இழுக்க ஆட்கள் நிற்க, பழக்கப்பட்டவரே இறங்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள்.

நிலத்தடி நீர் மிகவும் கீழே போய்விட்ட ஊர்களிலும், மூன்று சென்ட் மனைகளிலும் கிணறு நடக்காத காரியம். அங்கே போர்தான்.

இடம் பார்ப்பது

செலவில்லாத ஆய்வு ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் செய்வதில்லை. சுற்றியுள்ள பத்து வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள். போர் எத்தனை அடி என்று மட்டும் கேட்டால் பயனில்லை. முதல் தண்ணீர் எந்த அடியில் தட்டியது, மண் சரியாமல் தாங்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது, மோட்டார் எந்த அடியில் தொங்குகிறது, கடந்த கோடையில் எத்தனை நிமிடம் ஓடி நின்றது என்று கேளுங்கள். பத்து வீட்டுப் பதிலை ஒரு தாளில் குறித்தாலே உங்கள் தெருவின் பாறை கண்முன் தெரியும். பெரும்பாலான வீடுகளில் 160, 190, 175 என்று முதல் தண்ணீர் வந்திருந்தால் அந்த ஆழத்தில் ஒரு வெடிப்பு மண்டலம் இருக்கிறது. நான் இதைச் செய்தது போர் போட்டபிறகு. எங்கள் தெருவில் 300 அடிக்குக் கீழே புதிதாகத் தண்ணீர் பார்த்த வீடு ஒன்றுகூட இல்லை.

அடுத்தது மின்தடை ஆய்வு. தரையில் நான்கு கம்பிகளை வரிசையாக ஊன்றி, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் கூடக்கூட அளவு ஆழத்துக்குப் போகும். காய்ந்த கெட்டிப் பாறை அதிகத் தடை காட்டும். தண்ணீர் நிரம்பிய சிதைந்த பாறை குறைவாகக் காட்டும். களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூடக் குறைவாகவே காட்டும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். அதனால் கருவியைவிட, அந்த வட்டாரத்து நிலம் தெரிந்த நிலவியலாளர் முக்கியம். விவசாய நிலத்துக்கு வேளாண் பொறியியல் துறை கட்டணம் பெற்றுக்கொண்டு இந்த ஆய்வைச் செய்துகொடுக்கிறது. ஆய்வு வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது. இத்தனை இஞ்ச் கிடைக்கும் என்று எழுதிக் கொடுப்பவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். உள்ளங்கையில் தேங்காய் நிமிர்வதையும் வேப்பங்குச்சி வளைவதையும் நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் போரின் இடத்தைக் குறித்ததே ஒரு தேங்காய்தான். அவர்களில் சிலருக்கு ஊரின் பள்ளம் மேடும், பழைய கிணறுகளின் வரிசையும் மனப்பாடம். அந்த அறிவு பலிக்கிறது. தேங்காய்க்கு அதில் பங்கில்லை என்பது என் கருத்து. வீட்டில் பெரியவர்கள் விரும்பினால் அழையுங்கள், தாம்பூலம் வைத்துக் கொடுங்கள், ஆழத்தை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

மனைக்குள் எந்த மூலை என்று வரும்போது வாஸ்துவுக்கு முன்னால் கழிவுநீரைப் பாருங்கள். உங்கள் செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி, பக்கத்து வீட்டுடையது எல்லாவற்றிலிருந்தும் 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். சிறிய மனையில் அது கிடைக்காதபோது, கிடைக்கும் அதிகபட்சத் தூரத்தை எடுத்துக்கொண்டு, கீழே சொல்லும் கேசிங் வேலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். பின்னாளில் மோட்டாரைத் தூக்க முக்காலியோ வண்டியோ வந்து நிற்க இடம் வேண்டும். போரின்மேல் மாடிப்படியைக் கட்டிவிட்டுப் படியை இடித்தவர்கள் உண்டு.

அனுமதியும் பேச்சும்

உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்ற பிறகே வண்டியைக் கூப்பிட வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987ஆம் ஆண்டிலிருந்தே தனிச்சட்டம் இருக்கிறது. கைவிடப்பட்ட போர்களில் குழந்தைகள் விழுந்ததைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் 2010இல் விதித்த நெறிமுறைகளும் உங்களுக்குப் பொருந்தும்: தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது, வேலை நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை, சுற்றிலும் வேலி, குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை, வாய்க்கு மூடி.

ரிக் வண்டிகளின் தலைநகரம் திருச்செங்கோடு; இந்தியாவின் எந்த மூலையில் துளை போட்டாலும் அந்த ஊர்ப் பதிவு வண்டியைப் பார்க்கலாம். விலை அடிக்கணக்கில் பேசப்படும். ஓர் ஆழம் வரை ஒரு விலை, அதன்பின் ஒவ்வொரு நூறு அடிக்கும் அடி விலை ஏறிக்கொண்டே போகும். கேசிங் பைப்புக்குத் தனி விலை. எல்லாப் படிகளின் விலையையும், தண்ணீர் வராவிட்டாலும் கூலி உண்டா என்பதையும் (உண்டு, எப்போதும் உண்டு) தாளில் எழுதி வாங்குங்கள். ஏஜென்டுக்கு வருமானம் அடியில் இருக்கிறது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. "இன்னும் நூறு அடி" என்று அவர் சொல்லும்போது அது நினைவிருக்கட்டும்.

வருவது இரண்டு லாரிகள்: ஒன்றில் ரிக், மற்றொன்றில் ராடுகளும் சாமான்களும். சந்து அகலத்தையும் தலைக்குமேல் செல்லும் மின்கம்பியையும் முன்னதாகவே பார்த்து வையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தூள் அவர்கள் துணியில்தான் படியும்.

துளை இறங்கும் நேரம்

பெரும்பாலான வண்டிகளில் ஒரு ராடு 20 அடி. முதல் ராடை நாடாவால் அளந்துகொண்டு, பிறகு இறங்கும் ஒவ்வொரு ராடுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். பில் வரும்போது சண்டை வராது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு ராடுக்கும் எதிரே வெளியே வருவதை எழுதுவது: செம்மண், மஞ்சள் பொடி, வெள்ளைத் தூள், கருந்தூள், ஈரம், தண்ணீர். பிள்ளைக்கு ஜாதகம் எழுதி வைப்பதுபோல் இது போரின் ஜாதகம். பத்தாண்டு கழித்து மோட்டார் சிக்கினாலோ, தண்ணீர் குறைந்தாலோ இந்த ஒரு பக்கம்தான் வழி சொல்லும்.

கேசிங் பைப்பில்தான் பலரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். மண்ணும் உதிரும் பாறையும் உள்ளே சரியாமல் தாங்குவது அது. உதிரும் பாறை முடிந்ததும் நிறுத்தினால் போதாது. கெட்டிப் பாறைக்குள் ஐந்து முதல் பத்து அடி வரை இறங்கி உட்கார வேண்டும். பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் மேற்பகுதியைச் சிமெண்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாத போரில், முற்றத்தில் கொட்டிய சோப்புத் தண்ணீரும் உறிஞ்சுகுழிக் கசிவும் பைப்பின் வெளிப்புறமாக வழிந்து நேரே உங்கள் குடிநீருக்குள் போகும். பைப் தரைக்கு மேலே ஒன்றரை அடியாவது நிற்க வேண்டும். மழை வெள்ளம் வாய்க்குள் புகக்கூடாது. மணற்பாங்கான நிலத்தில் துளை முழுவதற்கும் பைப் வேண்டும். தண்ணீர் தரும் மணல் அடுக்குக்கு நேரே துளையிட்ட வடிகட்டிப் பைப்பும், அதைச் சுற்றிச் சரளையும்.

இப்போது அந்தக் கேள்வி: எங்கே நிறுத்துவது? முதல் தண்ணீர் தட்டியதும் வண்டியை நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். அன்றிரவு வண்டியின் காற்றுக் கம்ப்ரசர் தள்ளும் தண்ணீர் வெடிப்பில் சேர்ந்து கிடந்ததையும் சேர்த்தே வரும். அதனால் அளந்ததில் பாதியே நிலைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு இஞ்ச் தட்டியிருந்தால் பாதி, மணிக்கு 250 லிட்டர். நாலு மணி நேரத்தில் 1,000 லிட்டர். சட்டைப்பைத் தாளில் உள்ள எண்ணைவிட அது அதிகம் என்றால், இன்னும் 60 முதல் 100 அடி வரை மட்டும் போய் நிறுத்துங்கள். அந்தக் கூடுதல் அடி தண்ணீர் தேடுவதற்கு அல்ல, தண்ணீர் தங்குவதற்கு. 100 அடி என்பது 650 லிட்டர் சேமிப்பு. மோட்டாரையும் கொஞ்சம் கீழே தொங்கவிடலாம். நான் 280 அடியில் நிறுத்தியிருக்க வேண்டும்.

தண்ணீரே தட்டவில்லை என்றால், பத்து வீட்டுத் தாளில் உள்ள மிக ஆழமான நீர்த்தட்டைத் தாண்டி நூறு அடி வரை பாருங்கள். அதற்குமேல் போவது சூதாட்டம். ஆடக்கூடாது என்று சொல்ல நான் யார், ஆடியவன்தானே. எத்தனை அடியில் எழுந்துவிடுவது என்பதை மட்டும் வண்டி வருவதற்கு முந்தின நாளே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

முடித்ததும், தெளிந்த தண்ணீர் வரும்வரை கம்ப்ரசரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். போகிற அவசரத்தில் இதை அரை மணியில் முடிக்கப் பார்ப்பார்கள். கழுவாத தூள் நாளை உங்கள் மோட்டாரைத் தின்னும்.

மோட்டார்

சிறிய போரில் பெரிய மோட்டார் போடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. மணிக்கு 500 லிட்டர் ஊறும் போரில் 3,000 லிட்டர் இறைக்கும் மோட்டாரை இறக்கினால், அது சேமிப்பை உறிஞ்சிவிட்டுக் காற்றை இறைக்கும், சூடேறி உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகும். எடுத்துக்காட்டாக, நீர்மட்டம் 90 அடி, மோட்டார் 240 அடியில் என்றால் இடையில் நிற்பது 150 அடி, ஏறக்குறைய 975 லிட்டர். ஆயிரம் லிட்டர் மேல்தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பலாம். மறுபடி போட இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். இதற்கு டைமரும், தண்ணீர் இல்லாதபோது தானாக நிறுத்தும் வறட்சித் தடுப்பானும் உள்ள பேனல் போர்டு போதும். ஊற்று மிகக் குறைவான போருக்குக் காற்றை அனுப்பித் தண்ணீரைத் தள்ளும் கம்ப்ரசர் மோட்டாரைப் பலர் வைக்கிறார்கள். காய்ந்து ஓடினாலும் கெடாது, போருக்குள் மின்சாரம் இல்லை. ஆனால் மின் கட்டணம் அதிகம், சத்தமும் உண்டு.

குதிரைத்திறனைச் சொல்லி மோட்டார் கேட்காதீர்கள். ஏற்றத்தைச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் தொங்கும் 240 அடி, மேல்தொட்டி 35 அடி, பைப்பின் உராய்வுக்குக் கொஞ்சம். ஏறக்குறைய 300 அடி. அந்த ஏற்றத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் தரும் என்ற அட்டவணை ஒவ்வொரு பம்புக்கும் உண்டு. கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரானால் உள்ளே சுத்தமான தண்ணீர் ஊற்றிய பிறகே இறக்க வேண்டும். மோட்டார் துளையின் அடியிலிருந்து 20 அடியாவது மேலே தொங்கட்டும். அடியில் சேறு படியும். பைப்பை மட்டும் நம்பாமல் தடித்த நைலான் கயிறு ஒன்றைத் தனியாகக் கட்டி மேலே முடியுங்கள். கேபிள் நீளத்துக்கேற்ற கனம் உள்ளதாக இருக்க வேண்டும். மெலிந்த கேபிளில் மின்னழுத்தம் குறைந்து காயில் எரியும். எர்த்தும், இ.எல்.சி.பி. என்று கடைகளில் கேட்கும் மின்கசிவு துண்டிப்பானும் கட்டாயம். இவற்றோடு அரை இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒன்றையும் மோட்டார் வரை சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை. பின்னாளில் அதற்குள் எடை கட்டிய நூலை விட்டு, கேபிளில் சிக்காமல் நீர்மட்டத்தை அளக்கலாம். மாதம் ஒருமுறை அளந்து ஜாதக நோட்டில் எழுதுங்கள். மோட்டார் பழுதா, தண்ணீர்தான் இல்லையா என்று ஆள் வைத்துத் தூக்கிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

குடிக்கலாமா?

தெளிவாக இருப்பதாலோ, நாக்குக்கு இனிப்பதாலோ தண்ணீர் நல்லதாகிவிடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரில் அலசிய சுத்தமான பாட்டிலில் இரண்டு லிட்டர் பிடித்துக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலிலேயே பிடித்து, குளிரில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும்.

அறிக்கையில் பார்க்க வேண்டிய எண்கள் இந்தியத் தர நிர்ணயத்தின்படி இவை. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மை 200, அதேபோல் 600 வரை. நைட்ரேட் 45க்கு மேல் கூடாது; கூடினால் சாக்கடையோ உரமோ கலக்கிறது என்று பொருள், கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் பழுப்புக் கறையும் எலும்புக் கோளாறும் கொண்டுவந்தது இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி இன்னும் செறியும். ஈ.கோலி கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு என்றால் கடினத்தன்மை. பிடிக்கும்போது தெளிவாக இருந்து சிறிது நேரத்தில் பழுப்பானால் இரும்பு. காற்றுபடக் கொட்டி, தெளியவிட்டு, மணல் வடிகட்டியில் விட்டாலே பெரும்பகுதி போய்விடும். ஆர்.ஓ. இயந்திரத்தைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வையுங்கள். அது கழிக்கும் தண்ணீரைக் கீழே விடாமல் கழிவறைக்குப் பயன்படுத்தலாம்.

கிணற்றுக்கு மழைக்காலத்தில் குளோரின் போட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். மேலே சொன்ன பத்தடிக் கிணற்றுக்கு 50 கிராம் சொச்சம். வாளியில் குழைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் விட்டு எடுங்கள். மோட்டாரைத் தூக்கி இறக்கிய போரில் அளவு கூடுதல்: 200 அடித் தண்ணீருக்கு 200 கிராம், இரவு முழுவதும் விட்டு, வாசனை போகும்வரை இறைத்துக் கொட்ட வேண்டும். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது.

எடுத்ததைத் திருப்பிப் போடுவது

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் அது வரைபடத்திலுள்ள ஒரு வட்டம் மட்டுமே. கணக்கைப் பாருங்கள்: 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய 930 லிட்டர். ஆண்டுக்கு 90 சென்டிமீட்டர் பெய்யும் ஊரில், சிந்துவதும் ஆவியாவதும் போக 65,000 லிட்டருக்கு மேல் தேறும். நாலு பேர் வீட்டுக்கு நாலு மாதத் தண்ணீர்.

கிணறு இருப்பவர்கள் மாடித் தண்ணீரை மணல், சரளை, ஜல்லி அடுக்கிய தொட்டி வழியாக வடித்துக் கிணற்றில் விடலாம். இதைவிட எளிய வழி இல்லை. போர் மட்டும் இருந்தால், பக்கத்தில் ஒரு குழி வெட்டி அதே அடுக்கு போட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். மாடிக் குழாயை நேரே போரின் வாயில் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காக்கை எச்சமும் இலைச்சருகும் 200 அடிக்குப் போய் அழுகும். முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ளத் தனித் திறப்பு வையுங்கள். முற்றத்துத் தண்ணீரையும் கார் கழுவிய தண்ணீரையும் இதில் சேர்க்க வேண்டாம்.

தோற்ற துளையை மூடுவது

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட போரில் விழுந்து இறந்தது. நாலைந்து நாள் ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் தராத துளையை அன்றே மூடுங்கள். சாக்கைத் திணிப்பதும், கல்லை வைப்பதும், தகரத்தால் மறைப்பதும் மூடுவது ஆகாது. பிறகு பயன்படுத்தலாம் என்று நினைத்தால் கேசிங் வாயில் இரும்புத் தகட்டைப் பற்றவைத்துவிடுங்கள். வேண்டாம் என்று முடிவானால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மணல், சரளை, களிமண் கொண்டு நிரப்ப வேண்டும். கேசிங் பைப்பை உருவி விற்றுவிட்டு வாயை அப்படியே விடுவதைப்போலக் கொடுமை வேறில்லை.

செலவைச் சொல்லித் தள்ளிப்போடுபவர்களுக்காக அதையும் அளந்துவிட்டேன். ஆறரை இஞ்ச் துளை, 600 அடி ஆழம்: உள்ளே பிடிப்பது 3,900 லிட்டர் கன அளவு. லாரிக்காரர் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) ஒன்றரை யூனிட் சரளைக்கும் குறைவு.